ஆறு வீட்டுக்கு ஒரு புத்தகம்

புதுப் புத்தகத்தை முதலில் அறுத்தவள் நான்தான்.

எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகம். காஞ்சிபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்த கட்டுக்குள் இருந்தது. மை வாசனைகூடப் போகவில்லை. அதைக் கடைப் பலகைமேல் குப்புறப் போட்டுவிட்டு, தாசன் கத்தியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"இத்த நீங்க பண்ணுங்க வாத்தியாரம்மா. எனுக்குக் கை வரல."

தாசனின் முழுப் பெயர் யேசுதாசன். மாகறல் காலனிக்காரர். எங்கள் கடையில் பைண்டு வேலை அவருடையது. சைக்கிளில் ஊர் ஊராகப் புத்தகம் கொண்டு போவதும் அவர்தான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அதுவரை கிழிந்ததைத் தைத்தே பழகிய மனிதரிடம், தைத்ததைப் பிரி என்றால் எப்படிப் பிரிப்பார்?

நான் முதுகு அட்டையைக் கீறினேன். பசை காய்ந்த இடத்தில் கத்தி சிக்கியது. பிறகு நூல் ஒவ்வொன்றாக அறுந்தது. ஒவ்வொரு நூலுக்கும் சின்னதாக ஒரு சத்தம். கீரைத் தண்டு ஒடிப்பதுபோல.

வாசலில் எஸ்தர் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காவாந்தண்டலத்தில் கூலி வேலை செய்கிறவள். அவளுடைய மகள் மேரிக்குத்தான் அந்தப் புத்தகம். மேரிக்கு மட்டும் அல்ல, இன்னும் ஐந்து பிள்ளைகளுக்கும்.

ஒரு புத்தகத்தை ஏன் அறுக்க வேண்டி வந்தது என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் பெயரில் ஒரு கடை

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் நான் புத்தகக் கடை நடத்தியது ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும். நடத்தினேன் என்று சொல்லும்போதே கால் வலிக்கிறது.

கடை என் யோசனை அல்ல. என் கணவர் பள்ளி ஆசிரியர். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் வியாபாரம் செய்யக்கூடாது. ஆனால் கடை வைத்தே தீர வேண்டும் என்ற எண்ணம் அவருடையது. ஆகவே கடை என் பெயருக்கு வந்தது. ஐந்தாவதோடு படிப்பு நிறுத்தப்பட்ட எனக்குப் புத்தகக் கடை முதலாளி என்று பட்டம்.

அவரும் நான்கு நண்பர்களும் சேர்ந்து முதல் போட்டார்கள். இரண்டு விதிகள் செய்தார்கள். ஒன்று, லாபத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. மிச்சப்படுவது, வாங்க முடியாத பிள்ளைகளுக்குப் புத்தகமாகப் போக வேண்டும். இரண்டாவது, யார் வந்தாலும் உள்ளே வரலாம், எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் புரட்டலாம்.

முதல் விதி எளிது. இரண்டாவது விதிதான் என்னைத் தின்றது.

காலனியிலிருந்து வருகிறவர்கள் பழக்கத்தால் வெளியிலேயே நிற்பார்கள். "உள்ள வாங்க" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வேன். அவர்கள் உள்ளே வந்தால், ஊர்க்காரர் சிலர் வெளியே நின்றுகொண்டு, "ஒரு நோட்டு குடும்மா" என்று குரல் கொடுப்பார்கள். உள்ளேயிருந்து அவர்களுக்கு நோட்டை நீட்டுவேன். அவர்களிடமும் "உள்ள வாங்க" என்பேன். பாதிப் பேர் காது கேளாததுபோல் இருப்பார்கள்.

ஒரு வருஷம் போனது. என் கணவரை விழுப்புரம் பக்கம் மாற்றிவிட்டார்கள். மாதம் ஒரு தடவை வருவார். வந்ததும் புத்தக அலமாரியைத் தடவிப் பார்ப்பார். "நல்லா நடக்குதா?" என்பார். திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

எண்ணம் அவரோடு பஸ் ஏறிவிட்டது. கடை என்னோடு நின்றுவிட்டது.

தினமும் காலையில் பதினொரு பலகைகளைக் கழற்றிக் கடை திறக்க வேண்டும். சாயங்காலம் அதே பதினொன்றையும் மாட்ட வேண்டும். நடுவில் உட்கார இடம் உண்டு, நேரம்தான் இருக்காது. முப்பத்திரண்டு வயதில் எனக்குக் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. இன்றுவரை வற்றவில்லை.

கோடை வேலை

நான் சொல்ல வந்த வருஷத்துக் கோடையில், நானும் தாசனும் ஒரு காரியம் செய்தோம். பரீட்சை முடிந்ததும் வீடு வீடாகப் போய்ப் பழைய பாடப் புத்தகங்களைக் கேட்டு வாங்கினோம். அவற்றைப் பைண்டு செய்து, பள்ளி திறக்கும்போது காலனிப் பிள்ளைகளுக்கும், வசதியில்லாத விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதாகத் திட்டம்.

பழைய புத்தகத்தில் என்னவெல்லாம் இருக்கும் என்று கடைக்காரிக்குத்தான் தெரியும். புளிக்கறை. நசுங்கிய பேன். மயிலிறகு, அது குட்டி போடுவதற்குப் பக்கத்தில் பென்சில் சீவல். ராஜாக்களுக்கு மூக்குக் கண்ணாடி, ராணிகளுக்கு மீசை. ஒரு பூகோளப் புத்தகத்தில் ஆப்பிரிக்காவையே காணோம். யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தாசன் மாவுப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார். பூச்சி அரிக்காமலிருக்க. அந்த வாசனை என் புடவையில் ஏறி, துவைத்தாலும் போகாது. சிமெண்டுப் பைக் காகிதத்தை வெட்டி மேல் அட்டை போட்டோம். அந்த இரண்டு மாதமும் வெயிலைப் பற்றி நினைக்க எங்களுக்கு நேரமில்லை.

பள்ளி திறக்கும் வாரத்தில் புதுப் பட்டியல் வந்தது. எட்டாம் வகுப்புக்குப் பாடப் புத்தகங்கள் மாறிவிட்டன.

தாசன் பட்டியலை இரண்டு தடவை படித்தார். பிறகு எட்டாம் வகுப்பு அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, தான் தைத்த தையலைத் திருப்பிப் பார்த்தார்.

"தையலு நல்லாதான் கீது" என்றார்.

மற்ற வகுப்புப் புத்தகங்கள் பயன்பட்டன. ஆனால் எட்டாம் வகுப்புதான் முக்கியம். அப்போது அதற்குப் பொதுப் பரீட்சை இருந்தது. அதில் தேறினால் வேலைக்கு ஒரு வழி உண்டு. தேறாவிட்டால் வயல்தான்.

புதுப் புத்தகம் வாங்கலாம் என்றால் அந்த வருஷம் கையில் காசு வைத்திருந்தவர்களுக்கே கிடைக்கவில்லை. எங்கள் கடைக்கு வந்ததே சில செட்தான். முன்னாடியே சொல்லி வைத்தவர்களுக்குக் கொடுத்தது போக மூன்று மிஞ்சின. கேட்டு நின்ற பிள்ளைகள் பதினெட்டுப் பேர்.

எஸ்தர் சொன்னது

எஸ்தருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேலையில்லாத ஒரு நாள், காவாந்தண்டலத்திலிருந்து விடியலில் நடந்து வந்து கடையில் உட்கார்ந்தாள். மூன்று செட் மட்டும்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

"வாத்தியாரு ஒரு பாடத்த எத்தினி நாளு நடத்துவாரு?" என்று கேட்டாள்.

"பத்து நாள் ஆகும்."

"அந்தப் பத்து நாளும் மீதிப் பாடமெல்லாம் பொஸ்தகத்துல சும்மாதான கெடக்குது?"

எனக்குப் புரியவில்லை. தாசன் பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஒரு களைக்கொட்ட நாலு பேரு மாத்தி மாத்தி வச்சிக்கினு வேல செய்யறோம். பொஸ்தகத்த மட்டும் ஒரே ஆளு ஏன் கட்டிக்கினு ஒக்காரணும்? பாடம் பாடமா பிரிச்சிக் குடுங்க. ஒரு வூட்ல ஒருநாளு இருக்கட்டும். புள்ள அத்த நோட்டுல எய்திக்கினு அடுத்த வூட்டுக்குக் குடுத்துடட்டும்."

இப்படித்தான் நான் கத்தி எடுத்தேன்.

பிரிப்பது சொன்னதுபோல எளிதாக இல்லை. ஒரு பாடம் முடிகிற பக்கத்தின் பின்புறத்தில் அடுத்த பாடம் தொடங்கிவிடும். தாளை நடுவில் பிளக்க முடியுமா? அப்படிப்பட்ட பக்கங்களையெல்லாம் நான் கையால் எழுதி ஒட்டினேன். ஒவ்வொரு பாடத்தையும் தாசன் தனித் தனிச் சிறு புத்தகமாகத் தைத்தார். அறுக்கத்தான் அவருக்கு மனம் வரவில்லை. தைக்கும்போது முகம் தெளிந்துவிட்டது.

மூன்று செட்டில் ஒன்று காவாந்தண்டலத்துக்கு, ஒன்று மாகறலுக்கு, ஒன்று உத்திரமேரூருக்கு. ஒரு செட்டுக்கு ஆறு வீடு. பாடத்தின் மேல் அட்டையில் ஆறு பெயர்களை வரிசையாக எழுதினோம். யார் முதலில் வந்து கேட்டார்களோ அவர் பெயர் முதலில். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். தாசன் பத்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பழைய பாடங்களை வாங்கிக்கொண்டு புதுப் பாடங்களைக் கொடுத்து வருவார்.

காவாந்தண்டலம் பட்டியலில் முதல் பெயர் எஸ்தரின் மகள் மேரி. இரண்டாவது பெயர் சகுந்தலா.

சகுந்தலா என் அண்ணன் மகள்.

அண்ணன் வந்தார்

காவாந்தண்டலம் நான் பிறந்த ஊர். அண்ணன் அங்கே பயிர் செய்துகொண்டிருந்தார். எஸ்தருக்கு அவருடைய நிலத்தில்தான் நடவும் களையும்.

ஒரு சந்தை நாளில் அண்ணன் கடைக்கு வந்தார். எப்போதும் உள்ளே வந்து ஸ்டூலில் உட்காருகிறவர், அன்று நின்றுகொண்டே பேசினார். தாசன் பின்னால் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார்.

"வேதா, நான் தப்பா ஒண்ணியும் சொல்லல. அவங்க புள்ளைங்களும் படிக்கட்டும். ஆனா பொஸ்தகம் அங்கேர்ந்து நம்ம வூட்டுக்கு வர்றது பேஜாரா கீது. ஊர்ல பேசறாங்கோ. மொதல்ல நம்ம மூணு வூட்டுக்கும் வரட்டும். அப்பால அங்க போவட்டும். அவ்ளோதான் கேக்கறேன்."

"யார் மொதல்ல கேட்டாங்களோ அவங்க பேர் மொதல்ல. எல்லா ஊருக்கும் அதான் வழக்கம்ணா."

"அப்ப நம்ம மூணு வூட்டுக்கும் வாணாம். சகுந்தலாவ நிறுத்திடறேன். பொட்டப்புள்ள எட்டாவது வரைக்கும் வந்ததே ஜாஸ்தி."

என்னையும் இப்படித்தான் நிறுத்தினார்கள். அன்று அப்பா சொன்ன வார்த்தையில் வகுப்பு மட்டும்தான் வேறு. சகுந்தலாவுக்காகத்தான் நான் ஒத்துக்கொண்டேன் என்று பல வருஷங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது உண்மை இல்லை. இந்த நினைவுத் தொடரில் பொய் எழுதக்கூடாது என்று தொடங்கும்போதே முடிவு செய்ததால் சொல்கிறேன். அன்று எனக்கு அசதி. காலையிலிருந்து சந்தைக் கூட்டம். கால் மரத்துப் போயிருந்தது. என் கணவர் அந்த மாதம் வரவில்லை, கடிதம் மட்டும் போட்டிருந்தார். அண்ணன் கிளம்பினால் போதும், கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று தோன்றியது.

"சரிண்ணா" என்றேன்.

அண்ணன் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் தாசன் பக்கம் திரும்பினேன். அவர் மெழுகை வைத்துவிட்டுக் காவாந்தண்டலத்துப் பாடங்களை எடுத்தார். மேல் அட்டையில் இருந்த பெயர்களின்மேல் காகிதம் ஒட்டினார்.

"வரிசைய மாத்தி எழுதணும் தாசன்" என்றேன், ஏதோ அவருக்குத் தெரியாததுபோல.

"செரிம்மா" என்றார்.

முதலில் ஊர் வீடுகள் மூன்று. பிறகு காலனி வீடுகள் மூன்று. மேரியின் பெயர் நாலாவதாகக்கூட வரவில்லை. புது வரிசையைச் சொல்லச் சொல்லத் தாசன் எழுதியபோது எப்படியோ அது ஆறாவதாகப் போய்விட்டது. சொன்னவள் நான்தான்.

ஈரத் தாள்

ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்பது எங்கள் கணக்கு. ஊர் வீடுகளில் மூன்று நாள், நான்கு நாள் வைத்துக்கொண்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தால் செய்யவில்லை. கல்யாணம் வரும், ஜுரம் வரும், பிள்ளை மறந்துவிடும். பின்னால் காத்திருக்கிறவர்கள் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தால் நாள் தானாக நீளும்.

தாசனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். அவர் பத்து நாளுக்கு ஒருமுறை போய் வந்துகொண்டிருந்தார். செய்யாற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பைண்டு வேலைக்கு உட்கார்ந்துவிடுவார். நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே.

காலாண்டுப் பரீட்சை முடிந்த பிறகு எஸ்தர் வந்தாள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். முந்தானையில் சுற்றி வைத்திருந்த ஒரு பாடத்தைப் பலகைமேல் வைத்தாள். விஞ்ஞானத்தில் மூன்றாவது பாடம். தாள் ஈரமாக இருந்தது. வழியில் தூறல்.

"இது எப்ப வந்துச்சு தெரியுமாம்மா? பரிச்ச முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம்."

நான் தாளைத் தொட்டுப் பார்த்தேன்.

"மேரி அப்பவும் இத்த எய்தினா. எதுக்குடீன்னு கேட்டேன். அடுத்த பரிச்சைக்கு வரும்னு சொல்றா. எய்தி முடிச்சிட்டுதான் தூங்கினா."

பக்கத்தில் ஒருவர் பஞ்சாங்கம் புரட்டிக்கொண்டிருந்தார். எஸ்தர் அவர் போகும்வரை பொறுத்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"யோசன சொன்னவ நானு. எனுக்கே கடசின்னு எய்திட்டீங்களேம்மா."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கும் ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும். அண்ணனைச் சொல்லியிருப்பேன், ஊரைச் சொல்லியிருப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் ஈரத் தாளைப் பிரித்து ஒவ்வொன்றாகக் காற்றாடவைத்தேன். அது ஒன்றுதான் அப்போது செய்ய முடிந்தது.

அண்ணன் வீட்டில்

அடுத்த நாள் கடையைத் தாசனிடம் விட்டுவிட்டுக் காவாந்தண்டலம் போனேன். அண்ணன் வீட்டை ஒட்டிய களத்தில் இருந்தார். அண்ணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தால் பேச வராது என்று கையிலேயே வைத்திருந்தேன்.

"பழைய வரிசையே போடப் போறேண்ணா" என்றேன்.

"அன்னிக்கு செரின்னு சொன்ன."

"சொன்னேன். தப்பு."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. காலால் வைக்கோலை ஒதுக்கினார். "இன்னா வேதா, கட்டிக் குடுத்த வூட்லேர்ந்து வந்து எங்களுக்கு நாயம் சொல்றியா? உன் இஷ்டம். எங்க மூணு வூட்டுக்கும் இனிமே பொஸ்தகம் வாணாம்."

"சகுந்தலா?"

"அது எங்க வூட்டுப் பொண்ணு. நீ கவலப்படாத."

மோரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தேன். அண்ணி வாசல்வரை வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் களத்திலிருந்து தொண்டையைக் கனைத்தார். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

வரிசை மாறியது. மேரிக்கும் காலனிப் பிள்ளைகள் இருவருக்கும் பாடங்கள் நேரத்துக்குக் கிடைத்தன. நான் ஏதோ சரி செய்துவிட்டேன் என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் தாசன் சொன்னார். அண்ணன் எஸ்தரைக் களைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவள் தினமும் ஆற்றைத் தாண்டி வேறு ஊருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தப்பைச் செய்தவள் நான். திருத்தியவளும் நான். இரண்டுக்கும் நடந்தவள் அவள்.

சகுந்தலாவை அண்ணன் நிறுத்தவில்லை. ஆனால் புத்தகம் இல்லாத பிள்ளைகளை ஆசிரியர் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தாராம். அவளும் வெயிலில் நின்றாள்.

சந்தை நாள்

வரிசை மாறிய நான்காவது வாரச் சந்தையன்று அண்ணி தனியாகக் கடைக்கு வந்தாள். கையில் கத்தரிக்காய்ப் பை. அதன் அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

"அவரு சாமான் வாங்கப் போயிருக்காரு. ஒரு மணி நேரம் ஆவும். பாடம் இங்க கீதா?"

காவாந்தண்டலத்துப் பாடங்களில் மேரி எழுதி முடித்த ஒன்றைத் தாசன் முந்தின நாள்தான் கொண்டுவந்திருந்தார். செடிகளைப் பற்றிய பாடம். மேல் அட்டையில் மேரியின் பெயர் முதலில் இருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். படித்தாள் என்றே நினைக்கிறேன். நாலாவது வரை போனவள்.

"வூட்டுக்கு எடுத்துக்கினு போவ முடியாது. இங்கயே எய்திக்கறேன்" என்றாள்.

அலமாரிக்குப் பின்னால், வெளியே தெரியாத இடத்தில், தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு. ஒரு வரி எழுதப் பத்து வரிக்கான நேரம் ஆனது. அடுத்த சந்தைக்கும் வந்தாள். அதற்கடுத்த சந்தைக்கும்.

மூன்றாம் தடவை அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது எஸ்தர் உள்ளே வந்தாள். சந்தையில் உப்பும் மிளகாயும் வாங்கிவிட்டு, காவாந்தண்டலத்துக்கு அடுத்த பாடத்தைக் கையோடு வாங்கிப்போக வந்திருந்தாள். தாசனுக்கு அந்த வாரம் ஜுரம். அந்தப் பாடம்தான் அண்ணியின் மடியில் இருந்தது.

கடையில் இடம் சிறியது. எஸ்தர் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி எஸ்தரைப் பார்த்தாள். ஒருத்தியுடைய நிலத்தில்தான் இன்னொருத்தி அத்தனை வருஷம் குனிந்திருந்தாள். நான் அப்போது ஒருவருக்குப் பேனா மை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குப்பியை மேலே கீழே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினேன்.

"எய்திக்கினு குடுங்கம்மா. நானு நிக்கறேன்" என்றாள் எஸ்தர்.

"நிக்கறதுக்கு இன்னா, ஒக்காரு" என்றாள் அண்ணி, தலையைத் தூக்காமல்.

எஸ்தர் உட்கார்ந்தாள். இரண்டு முழம் இடைவெளி இருந்திருக்கும். அண்ணி எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கம் முடிந்து அண்ணி திருப்பினாள். எஸ்தர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"அந்தப் பூவுப் படத்த வுட்டுட்டீங்கம்மா."

அண்ணி பக்கத்தைப் பின்னால் திருப்பினாள். மகரந்தம், சூல்பை என்று பாகம் பாகமாகக் குறித்த பூவின் படம். எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனதில் அது அவள் கண்ணில் படவில்லை. படிக்கத் தெரியாத எஸ்தருக்குப் படம்தான் முதலில் தெரிந்தது.

"எனுக்கு வரைய வராது" என்றாள் அண்ணி.

"எனுக்கும்தான். மேரிகூட படம்னா ரெண்டு வாட்டி அழிச்சி அழிச்சிதான் போடுவா. மொதல்ல காம்ப போடுங்க."

அண்ணி காம்பு போட்டாள். கோணலாக வந்தது. நான் அழிரப்பரை எடுத்துக் கொடுத்தேன். எஸ்தர் விரலைத் தாளில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, இங்கே வளைக்க வேண்டும், இங்கே நாலு இதழ் என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் எஸ்தரைக் களைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணி சொல்லியா, ஆள் பற்றாமலா என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமா என்றும் தெரியாது. சகுந்தலாவின் நோட்டை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? கேட்கவில்லை. என்னோடு மறுபடி பேச அவருக்கு அடுத்த பொங்கல் வரை ஆனது.

பிறகு

பொதுப் பரீட்சையில் மேரி தேறினாள். சகுந்தலாவும் தேறினாள். காலனிப் பிள்ளைகளில் ஒருவன் தேறவில்லை. மாகறல் பிள்ளைகள் இருவர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். சகுந்தலாவுக்கு அடுத்த தை மாதம் கல்யாணம். மேரி நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போனதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். நான் நேரில் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் புத்தகங்கள் வேண்டிய அளவு வந்தன. வரிசையும் வேண்டியிருக்கவில்லை, கத்தியும் வேண்டியிருக்கவில்லை. வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். முடியாதவர்களுக்குக் கடையிலிருந்து கொடுத்தோம். அண்ணி சின்ன மகனுக்குப் புத்தகம் வாங்க வந்தாள். வெளியே நின்றே வாங்கிக்கொண்டு போனாள். நான் "உள்ள வாங்க அண்ணி" என்றேன். வண்டி காத்திருக்கிறது என்றாள்.

என் கணவர் அந்தக் கோடை விடுமுறைக்கு வந்திருந்தார். அறுத்த பாடங்களை அலமாரியில் பார்த்துவிட்டு, "அருமையான ஏற்பாடு" என்றார். நான் சோறு போட்டேன்.

தாசனிடம் மட்டும் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. ஒரு வருஷத்துக்குமேல் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு மத்தியானம், வியாபாரம் இல்லாத நேரத்தில் சொன்னேன்.

"அண்ணன் வந்த அன்னிக்கு நான் அசதியில சரின்னு சொல்லிட்டேன் தாசன். உங்க முன்னாலயே சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது."

தாசன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கண் மங்கத் தொடங்கியிருந்த காலம். நாலைந்து தடவை தவறியது. கடைசியில் நூல் நுழைந்தது. முடிச்சுப் போட்டார்.

"தெரியும்மா" என்றார். "வாணாம்னு அன்னிக்கே சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நானும் அசந்துதான் செரின்னேன்."

காஞ்சிபுரம் பஸ்ஸில் வந்த கட்டு பிரிக்காமல் கிடந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைப் பலகைமேல் தூக்கி வைத்தோம்.